மூச்சைப் பிடிக்காதீங்க, அண்ணாச்சி!

டைவிங் கார்டு கைக்கு வந்தவனுக்கு முதலில் பிடிக்கிற வியாதி, மேப் பார்ப்பது. ராத்திரி பதினொன்றரை மணிக்குப் போர்வைக்குள் செல்போனை வைத்துக்கொண்டு மாலத்தீவு, பாலி, எகிப்தின் செங்கடல் என்று சுற்றிக்கொண்டிருப்பான். காலையில் ஆபீஸ் வந்து பார்த்தால் லீவுக் கணக்கில் மிச்சம் ஐந்து நாள். பேங்க் கணக்கில் எவ்வளவு என்பது குடும்ப ரகசியம்.

எனக்கும் இப்போது அதே வியாதிதான். நாகர்கோவிலிலிருந்து இரண்டு மணி நேரத்தில் போய்விடக்கூடிய கோவளத்தில் நான்கு நாள் கோர்ஸ் முடித்து, ‘ஓப்பன் வாட்டர் டைவர்’ ஆகியிருக்கிறேன். (நான் சொல்வது திருவனந்தபுரத்துக் கோவளம். கன்னியாகுமரி பக்கத்தில் ஒரு கோவளம், சென்னைக்குத் தெற்கே ஒரு கோவளம்... கோவளம் இல்லாத கடற்கரையே கிடையாது போலிருக்கிறது!)

கோர்ஸ் என்றால் சும்மா இல்லை ஸார். 200 மீட்டர் நீந்த வேண்டும். பத்து நிமிஷம் மிதக்க வேண்டும். எழுத்துப் பரீட்சை உண்டு. முதலில் ஆழமில்லாத தண்ணீரில் பயிற்சி, பிறகு கடலில் நான்கு டைவ். தண்ணீருக்கடியில் மண்டி போட்டு உட்கார்ந்து, முகமூடியைக் கழற்றி, மறுபடி மாட்டி, மூக்கால் ஊதி உள்ளே புகுந்த தண்ணீரை வெளியேற்ற வேண்டும். வேலைக்கு இன்டர்வியூ போன அன்றுகூட எனக்கு நெஞ்சு அப்படி அடித்ததில்லை. இதெல்லாம் முடித்தால் ஒரு கார்டு. பி.ஏ.டி.ஐ., எஸ்.எஸ்.ஐ. என்று கம்பெனி எதுவானாலும் சாரம் ஒன்றுதான்: இந்த ஆசாமி 18 மீட்டர் ஆழம் வரை, கூட ஒரு ஜோடி டைவருடன், பழகிய மாதிரிக் கடலில் முங்கலாம். அவ்வளவே. டிரைவிங் லைசென்ஸ் வாங்கிய மறுநாள் நாற்பது பேரை ஏற்றிக்கொண்டு ஆரல்வாய்மொழி கணவாயில் பஸ் ஓட்ட முடியுமா? அந்த மாதிரி.

எங்கள் ஆபீஸில் கடியபட்டணத்துத் தம்பி ஒருவர் இருக்கிறார். கார்டை அவரிடம் பெருமையாகக் காட்டினேன். முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார்.

“அண்ணாச்சி, எங்கப்பா அஞ்சாறு மார் ஆழத்துக்கு முங்கிச் சிப்பி எடுப்பாரு. அவருகிட்ட கார்டு ஒண்ணும் கெடையாது.”

உண்மைதான். முட்டம், கடியபட்டணம், குளச்சல் பக்கத்துக் கடல் பாறைகளில் ஒட்டியிருக்கும் சிப்பியை, முகத்தில் ஒரு கண்ணாடியும் கையில் ஒரு இரும்பும் மட்டும் வைத்துக்கொண்டு முங்கி எடுக்கிறவர்கள் தலைமுறை தலைமுறையாக இருக்கிறார்கள். நாம் மார்க்கெட்டில் பேரம் பேசி வாங்கி, தேங்காய் வறுத்தரைத்துக் குழம்பு வைக்கிறோமே, அந்தச் சிப்பிதான். தூத்துக்குடிப் பக்கம் முத்துக்குளிப்பு 1961-உடன் நின்றுபோனது. சங்கு குளிப்பது அதற்குப் பிறகும் தொடர்ந்தது. ஆக, கடலுக்கடியில் போவது என்பது இங்கே புது விஷயமே இல்லை. காசு கொடுத்துப் போவதுதான் புதுசு.

“எங்கப்பா முங்கினா வீட்டுக்குக் காசு வரும். நீங்க முங்கினா வீட்டுக் காசு போவும். அதான் வித்தியாசம், இல்லியா?” என்றார் தம்பி. பதில் சொல்ல முடியவில்லை.

பிறகு, “கோர்ஸ்ல என்னதான் சொல்லிக் குடுத்தாவ?” என்று கேட்டார்.

“முதல் பாடமே, மூச்சைப் பிடிக்கக் கூடாது.”

தம்பி சிரித்த சிரிப்பில் பக்கத்து செக்ஷன்காரர்கள் எழுந்து வந்துவிட்டார்கள். “மூச்சப் பிடிக்காம எப்படி முங்குவீங்க? எங்கப்பாவுக்கு மூச்சப் பிடிக்கதுதான் வேலையே!”

இரண்டு பேர் சொல்வதும் சரி. எப்படி என்று புரிந்துகொண்டால் ஸ்கூபாவில் பாதி புரிந்த மாதிரி.

கடலில் ஒவ்வொரு பத்து மீட்டர் இறங்கும்போதும் ஒரு காற்று மண்டலத்தின் அழுத்தம் கூடுகிறது. பத்து மீட்டரில், கரையில் இருப்பதைப் போல இரண்டு மடங்கு. இருபதில் மூன்று மடங்கு. சிப்பி எடுக்கிற அப்பா மேலே ஒரு நெஞ்சு நிறையக் காற்றை இழுத்துக்கொண்டு பத்து மீட்டர் இறங்கினால் அந்தக் காற்று பாதியாகச் சுருங்கும். திரும்பி மேலே வரும்போது பழைய அளவுக்கு விரியும். கணக்கு சரியாகிவிட்டது. அவருக்கு ஆபத்து இல்லை.

என் கதை வேறு. நான் பத்து மீட்டர் ஆழத்தில், சிலிண்டரிலிருந்து அந்த இரண்டு மடங்கு அழுத்தத்தில் ஒரு நெஞ்சு நிறைய இழுக்கிறேன். ஏதோ ஒரு பதற்றத்தில் மூச்சைப் பிடித்தபடி விருட்டென்று மேலே வந்தால்? ஒரு நெஞ்சுக் காற்று இரண்டு நெஞ்சுக் காற்றாகும். இருப்பதோ ஒரு நெஞ்சு. நுரையீரல் கிழிந்துபோகும். இதற்குப் பத்து மீட்டர்கூட வேண்டாம், நெஞ்சு நிறையக் காற்று இருந்தால் ஒன்றிரண்டு மீட்டரே போதும் என்கிறார்கள். அதனால்தான் விடாமல் மூச்சு விட்டுக்கொண்டே இருக்கச் சொல்கிறார்கள்.

இதில் இன்னொரு சங்கதியும் ஒளிந்திருக்கிறது. அழுத்தம் இரட்டிப்பாவது முதல் பத்து மீட்டரில்தான். அடுத்த இரட்டிப்புக்கு முப்பது மீட்டர் போக வேண்டும். ‘ஆழம்தான் ஆபத்து, மேலே எல்லாம் சும்மா’ என்று நினைத்தால் தலைகீழ். காது அடைப்பதும், மிதப்பு கட்டுப்பாடு இழந்து பலூன் மாதிரி மேலே போவதும் எல்லாம் இந்த மேல் மாடியில்தான் நடக்கும்.

இப்போது பிளானுக்கு வருகிறேன். புது டைவர்கள் பெரும்பாலும் ஊரைத் தேர்ந்தெடுத்துவிட்டுத்தான் மற்றதை யோசிக்கிறார்கள். போட்டோவில் நீலமாகத் தெரிந்தது, புக் பண்ணியாச்சு என்று. என் கட்சி வேறு. முதலில் மாதம். அப்புறம் ஆழம். அப்புறம் கடைசி நாள். இவை மூன்றும் சரியாக அமைந்தால் ஊர் தானாகவே வந்து நிற்கும்.

‘எதற்கு வெளியூர்? நம்ம கன்னியாகுமரிக் கடலிலேயே முங்கினால் என்ன?’ என்று என்னைக் கேட்காதவர் கிடையாது. மேலே நின்று பார்க்க அழகான கடல் எல்லாம் உள்ளே போய்ப் பழக ஏற்ற கடல் அல்ல. இங்கே பாறையும், அலையும், நீரோட்டமும் அதிகம். நாஞ்சில் நாட்டு வயலுக்குக் கன்னிப்பூ, கும்பப்பூ என்று இரண்டு போகம் தந்தவை தென்மேற்கு, வடகிழக்கு என்ற அதே இரண்டு பருவமழைகள்தான். அவை இரண்டும் கடலையும் மாற்றி மாற்றிக் கலக்குகின்றன. ஆனி, ஆடியில் முட்டத்தில் போய் நின்று பாருங்கள், புரியும்.

காற்றே இல்லாத நாளிலும் நம்பக் கூடாது. தெற்கே, ஆயிரக்கணக்கான கிலோமீட்டருக்கு அப்பால் எங்கோ அடித்த புயலின் அலை, இங்கே நல்ல வெயிலில் திடீரென்று கரையேறும். கேரளத்து மீனவர்கள் வைத்த பெயர் கள்ளக்கடல். கள்ளன் மாதிரி சத்தமில்லாமல் வருவதால். 2024 மே 6-ஆம் தேதி, அந்த எச்சரிக்கை இருந்த நாளில், கணபதிபுரம் லெமூர் கடற்கரையில் மருத்துவ மாணவ மாணவிகள் ஐந்து பேர் போய்விட்டார்கள். முங்கப் போனவர்கள் இல்லை. கரையோரம் நின்றவர்கள். அன்றிலிருந்து, ‘இன்காய்ஸ்’ என்ற ஹைதராபாத் கடல் தகவல் மையம் வெளியிடும் அலை எச்சரிக்கையைப் பார்க்காமல் நான் சொத்தவிளைக்குச் சுண்டல் தின்னக்கூடப் போவதில்லை.

என் அம்மா அந்த எச்சரிக்கை எதையும் பார்ப்பதில்லை. 2004 டிசம்பர் 26-ஐப் பார்த்தவள். 2017 ஒக்கியில் கடலுக்குப் போனவர்களுக்காகக் கரையில் காத்துக் கிடந்த பெண்களை டி.வி.யில் பார்த்து ஒரு வாரம் சரியாகச் சாப்பிடாதவள். நாங்கள் வயல் பக்கத்து ஜனங்கள். ஆடி அமாவாசைக்குக் குமரியில் மூன்று முழுக்குப் போடுவதோடு எங்களுக்கும் கடலுக்கும் உள்ள உறவு முடிந்தது.

“மக்ளே, கரையில நின்னு பாத்தாப் போதாதா? உள்ள போயித்தான் பாக்கணுமா?”

இதற்கு என்னிடம் பதில் இல்லை. ஆனால் அவளுக்கு ஒரு சாந்தி கொடுக்கிற மாதிரி பிளான் போடுவது என் கையில் இருக்கிறது அல்லவா?

மாதம். அந்தமானுக்கு ஏறக்குறைய நவம்பர் கடைசியிலிருந்து மே ஆரம்பம் வரை. அதிலும் ஜனவரியிலிருந்து ஏப்ரல் வரை கடல் கண்ணாடி. லட்சத்தீவுக்கு அக்டோபரிலிருந்து மே பாதி வரை. இரண்டு இடத்திலும் இடவப்பாதி மழை ஆரம்பித்துவிட்டால் கடல் கொந்தளிக்கும், தண்ணீர் கலங்கும். அப்படியானால் ஜூலை, ஆகஸ்டில்தான் லீவு கிடைக்கும் என்கிற பாவப்பட்ட ஜென்மங்கள்? அவர்களுக்குத்தான் திருகோணமலை. இலங்கையின் மலைகள் தென்மேற்குக் காற்றை மறித்துக்கொள்வதால், நாம் இங்கே ஆடிக் காற்றில் வேட்டியைப் பிடித்துக்கொண்டு நடக்கும்போது அந்தப் பக்கத்துக் கடல் குளம் மாதிரி கிடக்கும். மே முதல் செப்டம்பர் வரை சீசன். அதே இலங்கையில் மேற்கே உள்ள ஹிக்கடுவைக்கு நவம்பர் முதல் ஏப்ரல் வரை. ஒரே தீவு, இரண்டு காலண்டர்! ஜூலையில் ஹிக்கடுவைக்கும் டிசம்பரில் திருகோணமலைக்கும் டிக்கெட் எடுத்தவர் அறையில் உட்கார்ந்து கேரம் விளையாடலாம்.

அடுத்தது ஆழம். இது காசு விஷயம், கவனமாகக் கேளுங்கள்.

சிலிண்டரில் இருப்பது ஆக்ஸிஜன் என்று ஊரெல்லாம் நினைக்கிறார்கள். இல்லை. நாம் இப்போது சுவாசிக்கிற இதே காற்றுதான், வடிகட்டி அமுக்கி அடைத்தது. (சுத்த ஆக்ஸிஜன் ஆறு மீட்டருக்குக் கீழே விஷமாக மாறக்கூடியது.) சாதாரணமாகத் தரும் சிலிண்டர் 11 லிட்டர். அதில் 200 பார் அழுத்தத்தில் காற்று. ஐம்பது பாரை அவசரத்துக்கு என்று ஒதுக்கினால் செலவழிக்க மிஞ்சுவது 150 பார். அதாவது 1,650 லிட்டர். புதுசாக முங்குகிறவன் பயத்தில் நிமிஷத்துக்கு இருபது லிட்டர் இழுக்கிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள். பத்து மீட்டரில் அழுத்தம் இரண்டு மடங்கு, ஆகவே செலவும் இரண்டு மடங்கு. நாற்பது லிட்டர் வீதம் சுமார் 41 நிமிஷம் வரும். பதினெட்டு மீட்டரில் 56 லிட்டர். 29 நிமிஷத்தில் காலி!

டைவ் ஒன்றுக்குக் கொடுக்கிற கட்டணம் இரண்டுக்கும் ஒன்றுதான். பன்னிரண்டு நிமிஷம் நஷ்டம். அதற்காவது கீழே ஏதாவது கூடுதலாகத் தெரிகிறதா என்றால், அதுவும் இல்லை. ஆழம் போகப் போகத் தண்ணீர் வெளிச்சத்தின் நிறங்களை ஒவ்வொன்றாகத் தின்றுவிடுகிறது. முதலில் போவது சிவப்பு. பத்துப் பதினைந்து மீட்டரில் சிவப்பு மீன் பழைய சாக்கு நிறத்தில் தெரியும். வெயில் விழுகிற மேல் பத்து மீட்டரில்தான் பவளமும் வண்ண மீன்களும் கொட்டிக் கிடக்கின்றன. புது டைவருக்கு ஆழம் குறைந்த இடம் என்பது இரண்டாந்தரம் இல்லை ஸார், பால்கனி டிக்கெட்!

இந்த அளவுகோலை வைத்துக்கொண்டு ஊர்களைப் பார்த்தேன்.

மாலத்தீவு, திருவனந்தபுரத்திலிருந்து ஒரு தாவு. இந்தியர்களுக்கு இறங்கியதும் விசா. ஆனால் அங்கே பெயர்பெற்ற இடங்கள் பல, தீவுகளுக்கு நடுவே கடல் ஆறு மாதிரி ஓடுகிற கால்வாய்கள். கப்பலிலேயே தங்கி முங்குகிற டூர்களில் பலர் ஐம்பது டைவ் கணக்கு காட்டச் சொல்கிறார்கள். என் கணக்கு நான்கு. அடுத்த ஜென்மம்... சரி, அடுத்த இன்க்ரிமெண்ட்.

லட்சத்தீவில் தண்ணீர் பளிங்கு. 2024 ஜனவரியில் பிரதமர் அங்கே ஸ்நார்க்கல் மாட்டிக்கொண்டு மிதந்த படம் வந்ததிலிருந்து எல்லோருக்கும் ஆசை. கொச்சியிலிருந்து அகத்திக்கு விமானம் உண்டு, கப்பலும் உண்டு. ஆனால் இந்தியக் குடிமகனுக்கே அனுமதிச் சீட்டு வேண்டும். கட்டில்கள் குறைவு, கூட்டம் அதிகம். ஆறு மாதத்துக்கு முன்பே திட்டமிடத் தெரிந்தவர்களுக்கான இடம். இன்னொன்று: 1998, 2010, 2016, 2024 என்று கடல் சூடேறிய வருஷங்களில் அங்கே பவளம் வெளுத்துப்போனது. அந்தமானிலும் 2010-இல் பெரிய அடி. பழைய போட்டோவைப் பார்த்துவிட்டுப் போகிறவர், போய்ப் பார்க்கும்போது முகம் சுருங்கக் கூடும். இதைச் சொல்லாமல் டிக்கெட் விற்கிறவர்கள் இருக்கிறார்கள் என்பதால் சொல்லி வைக்கிறேன்.

கர்நாடகத்தில் முருடேஸ்வர் பக்கத்து நேத்ராணித் தீவு, வெள்ளிக்கிழமை ரயிலேறித் திங்கட்கிழமை ஆபீஸ் வருகிறவர்களுக்கு. அதற்குப் புறாத்தீவு என்றும் பெயர். திருகோணமலையில், நிலாவெளிக்கு எதிரே இருப்பதும் புறாத்தீவுதான். புறாக்களுக்கும் கடல் காற்று பிடிக்கும் போலும்.

திருகோணமலையைப் பற்றி ஒரு நிமிஷம் நிற்க வேண்டும். ‘2001: எ ஸ்பேஸ் ஒடிசி’ எழுதிய ஆர்தர் ஸி. கிளார்க் இலங்கைக்கு வந்து குடியேறியது விண்வெளிக்காக அல்ல, டைவிங்குக்காக. 1956-இல் அங்கே போனவர் 2008-இல் இறக்கும் வரை இலங்கையை விடவில்லை. அவரும் நண்பர் மைக் வில்ஸனும் திருகோணமலை சுவாமி மலை அடிவாரத்துக் கடலில் முங்கியபோது, பதினேழாம் நூற்றாண்டில் போர்ச்சுகீசியர் இடித்துத் தள்ளிய பழைய கோணேசர் கோயிலின் தூண்களையும் செதுக்கிய கற்களையும் கடலடியில் பார்த்தார்கள். தேவாரம் பாடப்பெற்ற தலத்தின் மிச்சம் மீன்களுக்கு நடுவே கிடக்கிறது! அதை நினைத்தாலே எனக்குப் புல்லரிக்கிறது. கொஞ்சம் தெற்கே மட்டக்களப்புக் கடலில் ‘ஹெர்மிஸ்’ என்ற பிரிட்டிஷ் விமானந்தாங்கிக் கப்பல். 1942 ஏப்ரல் 9 அன்று ஜப்பான் விமானங்கள் மூழ்கடித்தது. அது ஐம்பது மீட்டருக்கும் கீழே கிடக்கிறது. பொழுதுபோக்கு டைவிங்கின் எல்லையே நாற்பது என்பதால், பதினெட்டு மீட்டர் கார்டுக்காரர் போட்டோவில் பார்த்துக் கும்பிட்டுக்கொள்ள வேண்டியதுதான்.

இனி கடைசி நாள். என் பிளானில் நான் அதிகம் மண்டையை உடைத்துக்கொண்டது இதற்குத்தான்.

அழுத்தத்தில் சுவாசிக்கும்போது காற்றில் உள்ள நைட்ரஜன் ரத்தத்திலும் சதையிலும் கரைகிறது. மெதுவாக மேலே வந்து, ஐந்து மீட்டரில் மூன்று நிமிஷம் நின்று, பிறகு கரையேறினால் பெரும்பாலும் சமர்த்தாக வெளியே போய்விடும். அப்படியும் கொஞ்சம் உடம்பில் மிச்சம் இருக்கும். அந்த மிச்சத்தோடு அழுத்தம் குறைந்த உயரத்துக்குப் போனால், கோலி சோடாவில் குண்டைத் தட்டியது போல உடம்புக்குள் குமிழி கிளம்பும். மூட்டு வலியில் தொடங்கி பக்கவாதம் வரை போகலாம். விமானத்துக்குள் இருக்கும் அழுத்தம் ஏறக்குறைய ஊட்டி உயரத்துக்குச் சமம். ஆகவே ஒரே ஒரு டைவ் என்றால் 12 மணி நேரம், பல டைவ் பல நாள் என்றால் குறைந்தது 18 மணி நேரம் கழித்துத்தான் விமானம் ஏறலாம் என்பது டைவர்ஸ் அலர்ட் நெட்வொர்க் என்ற சர்வதேச அமைப்பின் வழிகாட்டல். பலர் 24 என்று வைத்துக்கொள்கிறார்கள். நானும் 24 கட்சி.

விமானம் என்றால் எல்லோருக்கும் ஞாபகம் வரும். மலை ஞாபகம் வராது. கோவளத்தில் காலையில் முங்கிவிட்டு மத்தியானம் காரில் மூணாறு கிளம்பினால் ராத்திரி சுமார் 1,600 மீட்டர் உயரத்தில் தூங்குவீர்கள். திருகோணமலையில் முங்கிவிட்டு ‘வந்ததுதான் வந்தோம்’ என்று நுவரெலியா போனால் 1,868 மீட்டர். விமானத்துக்குச் சொன்ன ஆபத்து எல்லாம் இதற்கும் உண்டு. இலங்கை டூர் போகிறவர்கள் மலையை முதலில் முடித்துவிட்டுக் கடலுக்கு வர வேண்டும். தேயிலைத் தோட்டம் எங்கும் ஓடிப்போகாது.

ஊரைத் தீர்மானித்த பிறகு டைவ் சென்டர்களுக்குப் போன் போட்டேன். ஒருவர் என் பெயர், உயரம், எடை, அட்வான்ஸ் எப்போது அனுப்புவேன் ஆகிய நான்கைத்தான் கேட்டார். “நான் நாலு டைவ்தான் ஸார் பண்ணியிருக்கேன்” என்றேன். “அதெல்லாம் பார்த்துக்கலாம் பாஸ், முப்பது மீட்டர் வரைக்கும் கூட்டிட்டுப் போறோம்” என்றார் பெருந்தன்மையாக. நன்றி சொல்லி வைத்துவிட்டேன். இன்னொருவர் கேள்வி மேல் கேள்வி. கடைசியாக எப்போது முங்கினீர்கள்? ஆஸ்துமா, வலிப்பு, காது ஆபரேஷன், இதயக் கோளாறு உண்டா? ஒன்றுக்காவது ‘ஆம்’ என்றால் டாக்டர் கையெழுத்து வேண்டும். கோர்ஸ் முடித்துச் சில மாதமாகிவிட்டால் முதல் நாள் ஆழமில்லாத இடத்தில் பழகிவிட்டுத்தான் படகு. எனக்கு எரிச்சலாகத்தான் இருந்தது. பணம் அவருக்குத்தான் அனுப்பினேன்.

நானும் பதிலுக்குக் கேட்டேன். ஒரு கைடுக்கு எத்தனை பேர்? படகில் ஆக்ஸிஜன் கிட் இருக்கிறதா? ஏதாவது ஆனால் அருகில் ரீகம்ப்ரஷன் சேம்பர் எங்கே? (நம் நாட்டில் இந்த வசதி பெரும்பாலும் கடற்படையின் கையில்.) தனியாக வருகிறவனுக்கு ஜோடியாக யாரைப் போடுவீர்கள்? இதற்கெல்லாம் முகம் சுளிக்காமல் பதில் வந்தது. டிராவல் இன்ஷூரன்ஸ் பாலிஸியில் பொடி எழுத்தைப் படித்தால், பலவற்றில் ஸ்கூபா கிடையாது, அல்லது இத்தனை மீட்டர் வரைதான் என்று இருக்கும். டைவர்களுக்கென்று தனி பாலிஸி விற்கிறார்கள். ஒரு நல்ல சட்டை விலையை மிச்சம் பிடிக்க அதை விட்டுவிடாதீர்கள்.

ஆக என் பிளான் இதுதான். ஹாவ்லாக். 2018-இலிருந்து ஸ்வராஜ் தீவு என்று பெயர். மாதம், பிப்ரவரி. மார்ச் என்றால் இயர் எண்டிங், மேனேஜர் என்னை முங்க விடமாட்டார். அவரே முக்கிவிடுவார். வெள்ளி மாலை கன்னியாகுமரி எக்ஸ்பிரஸ். சனிக்கிழமை சென்னையிலிருந்து இரண்டு மணி நேரச் சொச்சத்தில் போர்ட் பிளேர் (2024 முதல் ஸ்ரீ விஜயபுரம்). ஞாயிறு, கப்பலில் ஹாவ்லாக். திங்கள், பழகும் டைவ். செவ்வாய், புதன், வியாழன் மூன்று நாளும் காலையில் இரண்டிரண்டு, நீமோ ரீஃப், அக்வேரியம் மாதிரி மெத்தனமான இடங்களில். டிக்ஸன்ஸ் பினக்கிள், ஜானிஸ் கார்ஜ் என்று ஆழமான இடங்களின் பெயரைச் சொல்லிப் படகில் யாராவது உசுப்பேற்றினால் காது வலி என்று சொல்லிவிடுவேன். வெள்ளிக்கிழமை தண்ணீரில் கால் வைப்பதில்லை. கடலில் நீந்திப் புகழ்பெற்ற ராஜன் யானை இருந்த தீவு அது. 2016-இல் இறந்துவிட்டது. அது உலவிய ராதாநகர் கரையில் அன்று நடந்துவிட்டு, சாயந்திரம் கப்பலேறிவிடுவேன். சனி காலை செல்லுலார் ஜெயில். மத்தியானம் விமானம், ஞாயிறு மாலை சென்னையில் ரயில், திங்கள் காலை நேரே ஆபீஸ். மொத்தம் ஏழு டைவ், ஐந்து நாள் லீவு.

“அந்தமானா? திரும்பி வருவீரா?” என்று கேட்டுவிட்டு மேனேஜர் கையெழுத்துப் போட்டார்.

மூட்டையில் என்ன வைப்பது என்பதும் யோசிக்க வேண்டியதுதான். சிலிண்டர், ஜாக்கெட், ரெகுலேட்டர் எல்லாம் வாடகைக்குக் கிடைக்கும். புது டைவர் சொந்தமாக முதலில் வாங்க வேண்டியது முகமூடி ஒன்றுதான். நம்மைப் போல் கம்ப்யூட்டர் பார்த்துப் பார்த்துக் கண்ணாடி போட்டவர்களுக்குப் பவர் லென்ஸ் வைத்த முகமூடி கிடைக்கிறது. அது இல்லாமல் போனால் திமிங்கலமும் மத்தி மாதிரிதான் தெரியும். ஜலதோஷம் இருந்தால் டைவ் கிடையாது, காது அடைப்பு திறக்காது. மாத்திரை போட்டுச் சமாளிக்கவும் கூடாது. அடியில் மாத்திரையின் சக்தி தீர்ந்தால் மேலே வரும்போது அடைக்கும். படகில் குமட்டாமல் இருக்க காலையில் கொஞ்சமாகச் சாப்பிடச் சொல்கிறார்கள். 2023-இல் புவிசார் குறியீடு வாங்கிய நம்ம மட்டிப்பழம் இரண்டு போதும். அம்மா ஒரு சீப்பு கட்டிக் கொடுப்பதாகச் சொல்லியிருக்கிறாள். அவளைப் பொறுத்தவரை அது சம்மதம் என்று நான் எடுத்துக்கொண்டிருக்கிறேன். கடியபட்டணத்துத் தம்பி ஒரே ஒரு புத்தி சொன்னார்: “தெளிவாத் தெரியுதுன்னு தூரத்துக்குப் போவாதீங்க. திரும்பி வாற தூரத்தையும் சேத்துப் பாருங்க.”

அந்தமானிலிருந்து பவளத்துண்டு எடுத்துவருவது குற்றம். வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் பாயும், ஏர்போர்ட்டில் பையைத் தோண்டிப் பார்ப்பார்கள். சங்கு மாலை வேண்டும் என்று கேட்ட சித்தி மகளுக்குக் கன்னியாகுமரிக் கடையிலேயே வாங்கித் தந்துவிடுவேன்.

மிச்சமிருப்பது மீசை. முகமூடியின் விளிம்பு மூக்குக்குக் கீழே தோலோடு ஒட்ட வேண்டும். மீசை இருந்தால் முடி வழியாகத் தண்ணீர் கசிந்து உள்ளே வரும். வெள்ளைக்கார டைவர்கள் சிரைத்துவிடு என்று சுலபமாகச் சொல்லிவிடுகிறார்கள். நாஞ்சில் நாட்டில் அப்பா உயிரோடு இருக்கும்போது மீசையை எடுத்துவிட்டு வீட்டுக்குள் நுழைய முடியுமா? மூக்கை ஒட்டி ஒரு நூல் அளவு மட்டும் கத்தரித்துவிட்டு, மிச்சத்தில் சிலிக்கான் கிரீஸ் தடவினால் சமாளிக்கலாம் என்று டைவ் சென்டர்காரர் போனில் சொன்னார். வடசேரியில் எங்கள் சலூன்காரரிடம் அந்த நூல் அளவை எப்படி விளக்குவது என்றுதான் இரண்டு நாளாக யோசித்துக்கொண்டிருக்கிறேன்.